வாறேன் என்று வாசித்தேன்

பேரம் தொடங்கும் முன் அக்கா தோர்த்துத் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். நைட்டி அணிந்து, பிளாஸ்டிக் நாற்காலியில், கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புக் கட்டு எதற்கு என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் கடற்கரை ஏலத்தில் நின்ற உடம்பு அது என்பது பிறகுதான் புரிந்தது. மீனே இல்லாத இடத்திலும் அது அப்படித்தான் ஆயத்தமாகும்.

கொட்டாரம் ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பகுதியில் அவர் தனியாக இருந்தார். முன்பகுதியில் நானும், பத்து மாதமாகியும் தவழாத என் மகளும். கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் காலையில் கிளம்பிவிடுவார். நான் பள்ளி ஆசிரியை, நீண்ட விடுப்பில் இருந்தேன். பிள்ளை வளர்ப்பு பற்றிப் படிக்க முடிந்ததையெல்லாம் படித்து, படித்த ஒவ்வொன்றாலும் பயந்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அவள் அழ, நானும் அழ, பின்பக்கம் போனேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ டீச்சர்லா? இதுல என்ன எழுதியிருக்கான்னு வாசி மக்கா" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு துறைமுகம் இருந்தது. அதையொட்டி ஒரு சந்தை. எங்கெங்கோ இருக்கும் மனிதர்கள் சின்னச் சின்ன உருவங்களாக அங்கே வந்து, வேர் தோண்டுவார்கள், இரும்பு உருக்குவார்கள், மீன் பிடிப்பார்கள். பிடித்ததையும் தோண்டியதையும் பொற்காசுக்கு விற்பார்கள். அக்காவின் மகன் மஸ்கட்டுக்குப் போகும்போது கணினியையும் அதிலிருந்த தன் கடையையும் அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். முட்டு தேய்ந்து, தலையில் மீன் சருவம் சுமக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்ட அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பான். மூன்றே மாதத்தில் அம்மா அந்தச் சந்தையில் பெரிய வியாபாரி. மலிந்து கிடக்கும்போது வாங்கி வைப்பார், கிடைக்காதபோது எடுத்து விற்பார். சேர்ந்த காசை நாகர்கோவிலில் ஒரு தரகர் வாங்கிக்கொள்வார். ரூபாயாக அக்காவின் போனில் வந்து விழும். சில மாதங்களில் அது என் சம்பளத்தைத் தொட்டுவிடும்.

விளையாட்டுக்காசை ரூபாய்க்கு விற்கக்கூடாது என்பது அந்த விளையாட்டின் விதி. நான் தேடிப் படித்து அக்காவிடம் சொன்னேன். கண்டுபிடித்தால் கடையை முடக்கிவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"அவனுக்க சந்தைக்கு நான் வாடக குடுக்கேன்லா? பொறவு எனக்க சரக்க நான் எங்க கொண்டு வித்தா அவனுக்கு என்ன?"

அதற்குப் பிறகும் நான் வாசித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவுக்கு எண்கள் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் அந்த விளையாட்டு தமிழ் எழுத்தை ஏற்காது, வெறும் கட்டங்களாகக் காட்டும். எல்லாரும் ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழிலோதான் எழுதுவார்கள். அதற்கு முன் கீழ்வீதியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்து வாசித்துக் கொடுத்தாளாம். அவள் கல்யாணமாகிப் போனதும் அந்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்தேன்.

அக்கா சரக்கைப் பார்ப்பதில்லை. விற்பவரின் அவசரத்தைப் பார்ப்பார். கடற்கரையில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததை இங்கே எண்களிலிருந்து கண்டுபிடித்தார்.

"இவனுக்குப் பரீட்ச வருது. அதான் வாளையும் கேடயத்தையும் வாரிப் போட்டிருக்கான். நாளைக்கு வந்தா இன்னும் கொறப்பான்."

"எப்படிக்கா?"

"கேட்டுப் பாரு."

கேட்டேன். ஆமாம், பன்னிரண்டாம் வகுப்பு, எப்படித் தெரியும் என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடை போடுபவர் வளைகுடாவில் இருக்கிறார் என்றார் அக்கா. அதுவும் சரியாக இருந்தது. அந்தப் பார்வை ஒரு நாள் என் பக்கமும் திரும்பியது.

"நீ இன்னைக்கு மூணு தடவ போனப் பாத்துட்ட. அவன் கூப்பிடலியா?"

கூப்பிடவில்லை. முதல் நாள் சின்னதாக ஒரு சண்டை. யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சந்தை விலை போலச் சொல்லிவிட்டாரே என்று கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. இரண்டு நாள் பின்பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை சாப்பிடவில்லை, போனேன்.

பிள்ளை அங்கேதான் சாப்பிட்டாள். அதற்கும் அக்காவின் வியாபாரமே காரணம். எதிராளி ஒரு விலை சொன்னதும் பதில் எழுதப் போகும் என் கையைத் தட்டிவிடுவார்.

"ஏட்டி, என்ன பாய்ச்சல்? பிள்ளைக்கு ஒரு வாய் குடு. அவன் கொஞ்சம் கெடந்து துடிக்கட்டும்."

ஒரு வாய். பிறகு ஒரு பதில். மறுபடி ஒரு வாய். திரையில் ஓடும் உருவங்களைப் பார்த்தபடி பிள்ளை வாயைத் திறப்பாள். நல்ல பேரம் என்றால் கிண்ணம் காலியாகும். சீக்கிரம் படிந்துவிட்டால் பாதிச் சோறு மிஞ்சும். இதைக் கணவரிடம் சொன்னபோது, பிள்ளைக்குத் திரையைக் காட்டலாமா என்று கேட்டார். கூடாதுதான். எனக்கும் தெரியும்.

ஒரு முறை அக்காவின் பேரம் வேறு மாதிரி இருந்தது. இரும்பு விற்க வந்த ஒருவர், அக்கா கேட்ட விலைக்கெல்லாம் சரி சரி என்றார். அக்கா லாபத்தோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. விலையை ஏற்றினார், இறக்கினார், எடை சரியில்லை என்றார், நாளைக்குத் தருகிறாயா என்றார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் அந்த ஆள் எரிச்சலாகி, வேறு யாருக்காவது விற்றுக்கொள்கிறேன் என்று எழுதினார். அதை வாசித்ததும் அக்கா தோர்த்தை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரோசம் வந்துட்டு. இனி பயமில்ல."

"என்ன பயம்?"

"பேரம் பேசுறவன் எங்கயும் போவ மாட்டான் மக்கா."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். வெகு காலத்துக்கு முன்பு, கடலுக்குப் போன கணவன் திரும்பாத ஒருத்தி வலை விற்க வந்தாளாம். அக்கா முதலில் சொன்ன விலைக்கே அவள் கொடுத்துவிட்டாளாம்.

"எனக்கு அன்னைக்கு நல்ல லாபம்னு நெனச்சேன். வலைய வாங்கிட்டு வந்துட்டேன்."

"பொறவு?"

"பொறவு என்ன? மறுநா விடிஞ்சப்பம் அவ இல்ல. பிள்ளைக்கு வாயத் தொடச்சு விடு."

உப்புக்காத்து என்று பெயர் வைத்திருந்த ஒருவர் தினமும் சாயவேர் கொண்டுவருவார். பத்துக் கட்டு. வேரை வாங்கிக்கொண்டு காசு கொடுத்ததும், கொசுறாக ஒரு வெற்றுக் குடுவை தாருங்கள் என்று கேட்டார். விளையாட்டில் குடுவைக்கு விலையே கிடையாது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவ பொம்பிளதான். அதுலயும் நம்ம பக்கத்துக்காரி. கொசுறு இல்லாம வேர் குடுக்க மனசு வரலியே அவளுக்கு!"

பெண்தான். இடையிடையே, புள்ள அழுவுது வாறேன் என்று எழுதிவிட்டுப் போவார். எங்கள் பக்கத்து வாறேன். அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். ஊர் எது, பெயர் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அங்கே அது வழக்கமில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பார். என்ன கறி என்று கேட்பார். அக்கா சொல்வார், நான் எழுதுவேன். எத்தனையோ நாள் அக்கா அடுப்படிக்குப் போயிருக்கும்போது நானே பதில் எழுதியிருக்கிறேன். என் பிள்ளை தவழவில்லை என்று ஒரு முறை எழுதினேன். என் பிள்ளை தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டது, பயப்படாதீங்க என்று பதில் வந்தது. அதற்கு முன் மருத்துவர் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கவில்லை.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. என் பிள்ளைக்கு அந்த வாரம் காய்ச்சல் வந்து, அப்போதுதான் விட்டிருந்தது. பதினோரு மணிக்கு உப்புக்காத்து கடை போட்டார். வேர் மட்டும் இல்லை. துறைமுகத்தை ஒட்டி இருந்த வீடு, படகு, விளக்கு, திருநாளுக்கு வாங்கிய உடைகள், எல்லாம். விலைகள் பாதிக்கும் கீழே.

அக்கா கைப்பழக்கத்தில் பேரம் பேசினார். குறைத்துக் கேட்டார். நான் எழுதினேன். சரி என்று வந்தது. இன்னும் குறைத்தார். சரி. காசு கைமாறியது. வீடு அக்காவின் பெயருக்கு வந்துவிட்டது.

"கொசுறு கேக்கலியே" என்றார் அக்கா.

திரையில் அந்த உருவம், முதன்முதலாக விளையாட வருபவர்களுக்குத் தரும் சாம்பல் நிற உடையில், படகில்லாத துறையில் நின்றது.

"ஏன் எல்லாத்தையும் விக்கன்னு கேளு."

கேட்டேன். பதில் வந்தது. ஒண்ணுமில்ல அக்கா. ரொம்ப அசதி. போறேன்.

எங்கள் வீடு சபைக் குடும்பம். சகுனம், நாள், நேரம் எதுவும் பார்ப்பதில்லை. ஜெபம் செய்துவிட்டுக் கிளம்புவோம், அவ்வளவுதான். ஆனால் வாசலில் நின்று யாராவது தவறிப் போறேன் என்று சொல்லிவிட்டால், மாமியார் ஆளைத் திரும்ப உள்ளே அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வாறேன் என்று சொல்லவைத்துத்தான் விடுவார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்காது. காய்ச்சல் விட்ட பிள்ளை மடியில் இருந்தாள், என் விரல் அவள் வாயருகே சோற்றோடு இருந்தது.

"என்ன எழுதியிருக்கா?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, ரொம்ப அசதியாம். போயிட்டு வாறேன்னு எழுதியிருக்காங்க."

"வாறேன்னாளா?"

"ஆமா."

"அப்பம் செரி. கைப்பிள்ளக்காரி, அசதி இருக்காதா? கொஞ்ச நாள் ஒறங்கட்டும்."

உருவம் மறைந்தது. பிள்ளை விரலைக் கடித்தாள்.

நாக்கு தானாகத் திருத்தியது என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளையைத் தூங்கவைக்கும் நேரம் நெருங்கியிருந்தது. உள்ளபடி வாசித்தால் அக்கா விடமாட்டார், இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்காரவேண்டியிருக்கும் என்பது என் மனத்தின் ஒரு மூலைக்குத் தெரிந்திருந்ததா? தெரியாமல் எப்படி இருக்கும்? அல்லது வெறும் ஒரு விளையாட்டை விட்டு ஒருவர் போகிறார், அதற்கு எந்தச் சொல்லானால் என்ன என்று நினைத்தேனா?

அக்கா அந்த வீட்டை விற்கவில்லை. வாங்கியதைப்போல நான்கு மடங்குக்குக் கேட்டு வந்தார்கள்.

"அவ வாறேன்னு சொல்லிட்டுல்லா போயிருக்கா. வந்தா எங்க இருப்பா? வாங்கின வெலைக்கே திருப்பிக் குடுப்பேன்."

விளையாட்டில் வீட்டுக்கு வாராவாரம் வரி உண்டு. கட்டாவிட்டால் வீடு மறைந்துவிடும். திங்கள்தோறும் அக்கா வரி கட்டினார். படகும் விளக்கும் உடைகளும் அவருடைய கிடங்கில் பாதியை அடைத்துக்கொண்டிருந்ததால் புதுச் சரக்கு வாங்க இடமில்லை. வருமானம் குறைந்தது. மகன் போனில் கத்துவது முன்பகுதி வரை கேட்கும்.

"எவளோ ஒருத்திக்காக எதுக்கும்மா கெட்டிப் பிடிச்சிட்டு இருக்க? வித்துத் தொலை!"

"நீ சும்மா இருல. வாறேன்னு சொன்னவளுக்க வீட்ட விக்கதுக்கு நான் என்ன கந்துவட்டிக்காரியா?"

பின்னால் நான் பிள்ளையோடு நின்றுகொண்டிருப்பேன். சொல்லவேண்டும், இன்று சொல்லவேண்டும் என்று போவேன். அக்கா காலையில் முதல் வேலையாகத் தன் உருவத்தைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு, அடுப்பில் கஞ்சி வைப்பார். அந்த உருவம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கும். அதைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். அக்கா இல்லாத நேரத்தில் உப்புக்காத்துக்கு நானே எழுதியிருக்கிறேன். நலமா? பிள்ளை நலமா? ஒரு வார்த்தை எழுதுங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. என் மகள் ஒரு நாள் தவழாமலே எழுந்து நடந்துவிட்டாள். அதையும் எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு காலை, பின்பக்கத்திலிருந்து அக்காவின் கூச்சல் கேட்டது.

"மக்கா! ஓடி வா! வந்துட்டா!"

ஓடினேன். துறைமுகத்தில், அதே சாம்பல் உடையில், உப்புக்காத்து நின்றது. அக்கா தோர்த்தைக் கட்டக்கூட இல்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

"அடி, அடி. வா மக்கா, சொகமா இருக்கியான்னு அடி. வீடு அப்படியே இருக்குன்னு சொல்லு. வரி எல்லாம் கெட்டியாச்சுன்னு சொல்லு."

எழுதினேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. யார் நீங்கள்? இந்தக் கணக்கு விற்பனைக்கு. ஐந்நூறு ரூபாய். என் சகோதரியுடையது. அவள் இப்போது விளையாடுவதில்லை.

"என்ன சொல்லுதா?"

மகள் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் இருந்ததை மூன்று முறை படித்தேன். விளையாடுவதில்லை என்பதற்கு எத்தனையோ பொருள் இருக்கலாம். வேலை கிடைத்திருக்கலாம். ஊர் மாறியிருக்கலாம்.

"ஏட்டி, வாசி!"

வாசித்தேன், இந்த முறை ஒரு சொல் மாற்றாமல். அதன் கூடவே மற்றதும் வந்துவிட்டது. "அக்கா, அன்னைக்கு அவங்க வாறேன்னு எழுதல. போறேன்னுதான் எழுதியிருந்தாங்க. நான்தான் மாத்தி வாசிச்சேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை சுட்டியின் மேலேயே இருந்தது.

"மடியில பிள்ளைய வச்சிட்டு அந்த வார்த்தைய நானும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "ஆனா ரெண்டு பேரம் கூடப் பேசியிருப்பேன் மக்கா."

ஏன் விளையாடுவதில்லை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். வாங்குகிறீர்களா இல்லையா என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன். வேறு ஆள் காத்திருக்கிறார் என்று வந்தது. அக்கா போனை எடுத்து ஐந்நூறு ரூபாயை அனுப்பினார். அவர் குறைத்துக் கேட்காமல் ஒன்றை வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். கடவுச்சொல் வந்தது. அந்த ஆள் அதோடு போய்விட்டார்.

விளையாட்டை என் போனில் இறக்கி, உப்புக்காத்தாக நான் உள்ளே நுழைந்தேன். அதற்குள் மகள் அக்காவின் பாயில் தூங்கிவிட்டாள். அந்தப் பெண்ணின் உருவம் என் உள்ளங்கையில் நின்றது. விரலால் தொட்டால் நடந்தது. துறைமுகத்திலிருந்து வீடு வரை நடத்திக்கொண்டு போனேன். கதவு திறக்கவில்லை. இந்த வீடு வேறொருவருக்குச் சொந்தமானது என்று எழுத்து வந்தது. அதையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அக்கா தன் உருவத்தை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தார். ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு வீட்டை மாற்ற, இருவரும் எதிரெதிரே நிற்கவேண்டும். விலை ஒன்று போட்டாகவேண்டும். சும்மா கொடுக்க அங்கே வழியில்லை. அக்கா ஒரு காசு என்று போட்டார். என் போனில் சம்மதமா என்று கேட்டு ஒரு பொத்தான் ஒளிர்ந்தது. நான் விரலைக் கொண்டுபோனேன்.

"அமுக்காத" என்றார் அக்கா. எழுந்து, கொடியில் கிடந்த தோர்த்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வெல கூடுதல்னு சொல்லு."

"அக்கா, ஒரு காசுதானே..."

"கூடுதல்னு சொல்லுட்டி. கூரை ஒழுவுதுன்னு சொல்லு. என்னவாவது சொல்லு."

கூரை ஒழுகுகிறது என்று எழுதினேன். அக்கா வாய்விட்டு, திரையைப் பார்த்து, பதில் சொன்னார். கூரையில் ஒரு ஓட்டைகூட இல்லை என்றார், எட்டு மாத வரி யார் கட்டியது என்றார், சாப்பிட்டியா, என்ன கறி, பிள்ளை நடக்கா என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் தேடி எழுதினேன். என் மகள் தூங்கி எழும்வரை விலை படியவில்லை.